இரத்தப் பரிசோதனை சொல்லாதது

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

சென்ற விடுமுறையில் எங்கள் தெரு அக்கா ஒருவர் கோர்ட்டு நோட்டீஸ் ஒன்றை என்னிடம் நீட்டினார். அந்தத் தெருவில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. அவர் பெரம்பலூரில் தாய் வீட்டில் ஏழு வயது மகனுடன் இருக்கிறார். கணவர் அரியலூரில் சிமெண்டு லாரி ஓட்டுநர். ஞாயிறுதோறும் மகனைத் தம்மிடம் அனுப்பவேண்டும் என்பது அவர் மனு.

"கஞ்சாப் பழக்கம் இருக்குமோன்னு பயமா இருக்கு தம்பி. நீ கெமிஸ்ட்ரி படிக்கிறியே, ரத்தத்தைச் சோதிச்சாத் தெரிஞ்சிடாதா?"

பதில் தெரியாமல் விழித்தேன். பின்னர் படித்தறிந்ததை இங்கு எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றமே இதை விசாரிக்கும். ஆகவே அரியலூர்க்காரரும் பெரம்பலூருக்குத்தான் வரவேண்டும். தாய்க்கா, தந்தைக்கா என்பதன்று கேள்வி. இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு குழந்தையின் நலனையே தலையாயதாக வைக்கிறது. சென்னையிலிருந்து சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில் 1973இல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்லர், விளையாட்டுப் பொருளும் அல்லர் என்றது.

சோதனைக்கு உத்தரவிட முடியுமா? சாரதா–தரம்பால் வழக்கு (2003) மனநலம் பற்றியது. மணவழக்கில் மருத்துவச் சோதனைக்கு ஆணையிடலாம், ஆனால் வலுவான முகாந்திரம் வேண்டும், மறுத்தால் அதை எதிராகக் கருதலாம் என்று அதில் உச்ச நீதிமன்றம் கூறியது. வெறும் சந்தேகம் முகாந்திரம் ஆகாது.

இனி நம் பாடம். சாராயம் நீரில் கரைவது. வெள்ளி இரவு குடித்தவர் ஞாயிறன்று இரத்தச் சோதனையில் தேறிவிடுவார். கஞ்சாவின் டி.எச்.சி. கொழுப்பில் கரைவது, உடலில் தங்கி மெல்ல மெல்ல வெளியேறும். நாள்தோறும் புகைத்தவரின் சிறுநீரில் அதன் சிதைபொருள் சில வாரங்கள்கூடத் தென்படும். தலைமுடி மாதம் சுமார் 1 செ.மீ. வளர்வதால், 3 செ.மீ. முடி மூன்று மாதக் கதை சொல்லும். ஆனால் மகன் பக்கத்தில் இருந்தபோது தந்தை எந்த நிலையில் இருந்தார் என்பதை இவற்றுள் எதுவும் சொல்லாது. நீதிமன்றத்துக்கு வேண்டியதோ அதுதான்.

இதை அக்காவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். ஒருமுறை லாரியில் அழைத்துப் போனபோது அப்பா ஸ்டியரிங்கிலேயே கண்ணயர்ந்ததாக மகன் சொன்னானாம். "சின்னப் பையன் பேச்சுன்னு வக்கீல்கிட்ட சொல்லலை" என்றார்.

சொல்லவேண்டியது அதைத்தான். கஞ்சாவா, இரண்டு இரவு உறக்கமின்மையா என்பது வேறு. சிறுவனை நீதிபதி தம் அறைக்கு அழைத்துக் கேட்பதும் உண்டு. சந்திப்பை அறவே மறுக்கவேண்டியதில்லை. பகலில், பாட்டி உடனிருக்க, லாரியில் ஏற்றாமல் என்று நிபந்தனை கேட்கலாம்.

பையனுக்கு அப்பா என்றால் உயிர். நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் திண்ணையில் தீப்பெட்டிகளைக் கோத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.