காத்திருக்கும் கூடத்தில் ஒரு கோலம்

"டோக்கன் நூற்றுப் பன்னிரண்டு!"

மூலையில் இருந்த ஒருவர் மெல்ல எழுந்து உள்ளே போனார். அந்த அக்கா தன் கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். நூற்று அறுபது. இன்னும் எத்தனை பேர் போக வேண்டும்? விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பாதியில் விட்டுவிட்டார்.

இது மும்பையில் உள்ள ஒரு புற்றுநோய் மருத்துவமனை. கதிர் சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீளமான கூடம். வரிசையாகப் பெஞ்சுகள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு தடித்த ஃபைல். அதன் மேல் தண்ணீர் பாட்டில். பீகாரில் இருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். வங்காளத்தில் இருந்து, விதர்பாவில் இருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். சிலர் தர்மசாலையில் தங்குகிறார்கள். அங்கே இடம் கிடைக்காதவர்கள் நடைபாதையில் படுத்து எழுந்து வருகிறார்கள்.

புற்றுநோய்க்கென்று நம் நாட்டில் பெரிய மருத்துவமனைகள் உண்டு. மும்பை பரேலில் டாடா நினைவு மருத்துவமனை 1941ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954ஆம் ஆண்டில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கியது. கொல்கத்தா, பெங்களூர், திருவனந்தபுரம் நகரங்களிலும் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் ஒன்று மட்டும் பொது. காத்திருக்க வேண்டும். கதிர் இயந்திரத்தின் கீழே படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். அதற்காக மூன்று மணி, நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள். சிலருக்கு மூன்று வாரம். சிலருக்கு ஐந்து, ஆறு வாரம்.

அந்த நேரத்தில் மனம் என்ன செய்யும்? நோயையே சுற்றிச் சுற்றி வரும்.

இனி அந்த அக்காவின் கதைக்கு வருவோம். இது ஒருவருடைய கதை மட்டும் இல்லை. அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்த பலருடைய கதையைச் சேர்த்து, ஒரு அக்காவின் கதையாகச் சொல்கிறோம்.

அக்காவுக்கு வயது நாற்பத்தைந்து. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்தது முதல் தாராவியில் வாசம். இரவில் மாவு அரைப்பார். விடிவதற்குள் இட்லி அவித்துக் கொடுப்பார். கணவர் சைக்கிளில் கொண்டுபோய் விற்பார். மார்பில் கட்டி வந்தது. அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். பிறகு 25 தடவை கதிர் சிகிச்சை என்றார்கள். அன்று ஒன்பதாவது தடவை.

அன்று அக்கா ஒரு முடிவோடு வந்திருந்தார். பத்தாவது தடவைக்கு வரப்போவதில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை.

கூடத்தின் ஓரத்தில் ஒரு மேசை. இரண்டு பெண்களும் ஒரு பையனும் அதன் மேல் பொருள்களை எடுத்து வைத்தார்கள். வெள்ளைத் தாள், ஸ்கெட்ச் பேனா, தடித்த மெழுகு வண்ணக் குச்சி, பழைய வண்ணத் தாள்கள், பசை, பரீட்சை அட்டைகள். அவர்கள் தொண்டர்கள். வாரம் இரண்டு நாள் வருவார்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்குத் தமிழ் தெரியும்.

"அக்கா, சும்மாத்தானே இருக்கீங்க? ஏதாவது வரையுறீங்களா?"

"எனக்கு வரையல்லாம் வராது தாயி. நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகலை."

"கோலம் போடுவீங்கல்லா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோலம் போடாம பொம்பளை உண்டுமா?"

தினமும் வாசலில் ஏழு புள்ளிக் கோலம் போடுகிறவர்கள், வரையத் தெரியாது என்று சொல்வது வேடிக்கைதான். ஆனால் எல்லாக் கூடங்களிலும் இதே பேச்சுத்தான் முதலில் வரும்.

அக்கா பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். புள்ளி வைத்தார். அறுவை செய்த பக்கத்துக் கை வலித்தது. ஆனாலும் கோடு வளைந்து வளைந்து போனது. புள்ளியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. பக்கத்தில் பீகார் பாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். முக்காட்டை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். ஏதோ சொன்னார். அக்காவுக்குப் புரியவில்லை. பாட்டியும் ஒரு தாள் வாங்கிக்கொண்டார். ஒரு வட்டம் போட்டார். அதைச் சுற்றித் தாமரை இதழ். பாட்டியின் ஊரில் அதற்கு அரிபன் என்று பெயர். வங்காளத்தில் ஆல்பனா. மகாராஷ்டிரத்தில் ரங்கோலி. பாட்டி விரலைத் தரையில் தேய்த்துக் காட்டினார். அரிசியை அரைத்து விரலால் இழுப்பார்களாம். அக்காவும் தலையை ஆட்டினார். அரிசி மாவுதான், இங்கேயும் அதேதான்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. ஆனாலும் அரை மணி நேரம் பேசிக்கொண்டு இருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

கோலம் முடிந்தது. தாளின் அடியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அக்கா அங்கே ஒரு சின்ன வீடு போட்டார். ஒரே அறை. உள்ளே அடுப்பு. அடுப்புக்கு அருகே நான்கு தட்டு. ஐந்தாவது தட்டு ஒன்று தனியாக, வாசல்படிக்கு வெளியே.

தொண்டர் பெண் பார்த்தார். 'இதற்கு என்ன அர்த்தம்' என்று கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இந்தத் தட்டு யாருக்கு அக்கா?"

அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "எனக்குத்தான்."

விஷயம் இதுதான். கதிர் சிகிச்சையைச் சனங்கள் 'கரண்ட் வைப்பது' என்கிறார்கள். அந்தக் கரண்ட் உடம்பிலேயே நிற்கும், குழந்தையைத் தொட்டால் குழந்தைக்கும் அடிக்கும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். மாமியார் நம்பிவிட்டார். அக்காவும் நம்பிவிட்டார். மகள் வயிற்றுப் பேத்திக்கு மூன்று வயது. பாட்டியிடம் ஓடி வரும். அக்கா விலகி விலகிப் போவார். தனித் தட்டு, தனிப் பாய். "பிள்ளையைத் தொட முடியாத உசுரு எதுக்கு? அதான் நாளையிலேர்ந்து வரலைன்னு நினைச்சேன்" என்றார்.

இத்தனை நாளும் டாக்டர் கேட்டிருக்கிறார், "ஏதாவது கஷ்டம் இருக்கிறதா?" என்று. அக்கா இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். டாக்டருக்கு வெளியே நூறு பேர் காத்திருக்கிறார்கள். அவர் உடம்பின் கஷ்டத்தைக் கேட்கிறார் என்று அக்கா நினைத்தார்.

தொண்டர் பெண் தானாகப் பதில் சொல்லவில்லை. அது சரியான செயல். தெரிந்தவர்களைக் கூட்டி வந்தார். கதிர் இயந்திரத்தை இயக்கும் ஊழியர் வந்தார். இந்தியில் சொன்னார். தொண்டர் தமிழில் சொன்னார்.

"வீட்டில் லைட் போடுகிறீர்கள். வெளிச்சம் வருகிறது. சுவிட்ச்சை அணைக்கிறீர்கள். வெளிச்சம் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்குமா?"

"நிக்காது."

"இதுவும் அப்படித்தான். இயந்திரம் நின்றால் கதிரும் நின்றுவிடும். உங்கள் உடம்பில் எதுவும் தங்காது. பேத்தியைத் தூக்கிக்கொள்ளலாம். கை வலித்தால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்."

புற்றுநோய் தொட்டால் ஒட்டுகிற நோய் இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. வெளியே இருந்து இயந்திரத்தால் கொடுக்கும் கதிரும் ஒட்டாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடம்புக்குள்ளே கதிர் மருந்து வைக்கும் சிகிச்சை வேறு. கதிர் மருந்தை விழுங்கும் சிகிச்சையும் வேறு. அவற்றில் சில நாள் விலகி இருக்கச் சொல்வது உண்டு. அதை மருத்துவரே சொல்வார். நாமாக முடிவு செய்யக் கூடாது.

அக்கா பத்தாவது தடவைக்கும் வந்தார். கணவரையும் கூட்டி வந்தார். ஊழியர் சொன்னதை அவர் காதாலேயே கேட்க வேண்டும் என்று. மாமியார் உடனே சமாதானம் ஆகவில்லை. தட்டு வீட்டுக்குள் வர இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. பேத்தி யாரையும் கேட்டுக்கொண்டு இருக்கவில்லை. முதல் நாளே மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

கதிர் எங்கே பட வேண்டும் என்று காட்ட, தோலின் மேல் மையால் கோடு போட்டிருப்பார்கள். சிகிச்சை முடியும்வரை அதைத் தேய்த்துக் கழுவக் கூடாது. "அவுக என் மேல கோடு போட்டாக. நான் தாள் மேல போடுதேன்" என்று அக்கா சொல்ல, பெஞ்சில் இருந்த தமிழ் தெரிந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

விதர்பாவில் இருந்து வந்த ஒரு விவசாயி தினமும் ஒரே காளையை வரைந்தார். கொம்பு, திமில், கழுத்து மணி. விற்றுவிட்டாராம், வைத்தியச் செலவுக்கு. சமூகப் பணியாளர் அவரை உட்கார வைத்து, உதவித் திட்டங்களுக்கான மனுவை நிரப்பிக் கொடுத்தார். 2018ஆம் ஆண்டில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில், தகுதி உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை மருத்துவமனைச் சிகிச்சை உண்டு. காளை விற்ற பிறகுதான் அவருக்கு அது தெரிந்தது.

பீகார் பாட்டியின் இடம் ஒரு நாள் காலியாக இருந்தது. சிகிச்சை முடிந்து ஊருக்குப் போனாரா, வேறு வார்டுக்குப் போனாரா? கூடத்தில் யாருக்கும் தெரியவில்லை. இங்கே முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். பாட்டியின் தாமரை சுவரில் ஒட்டியிருந்தது.

அந்தப் பாட்டியின் மிதிலைப் பகுதியைச் சேர்ந்தவர்தான் கங்கா தேவி. பெரிய ஓவியர். மிதிலைப் பெண்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் வரைந்துவந்த படங்களை மதுபனி ஓவியம் என்கிறோம். 1960களில் பீகாரில் கடும் வறட்சி வந்தது. அப்போது வருமானத்துக்காக இந்தப் பெண்களுக்குத் தாள் கொடுத்து வரையச் சொன்னார்கள். அப்படித் தாளுக்கு வந்தவர்களில் கங்கா தேவியும் ஒருவர். மயிரிழை போன்ற கோடுகள் போடுவார். 1984இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1985இல் அமெரிக்கா போனார். அங்கே கண்டதையும் மதுபனிக் கோட்டிலேயே வரைந்தார்.

பிறகு அவருக்குப் புற்றுநோய் வந்தது. டில்லியில் சிகிச்சை. அந்த நாள்களிலும் அவர் வரைவதை விடவில்லை. மருத்துவமனையில் தான் கண்டதையும் பட்டதையும் வரிசையாகப் படம் ஆக்கினார். டில்லி கைவினை அருங்காட்சியகத்தில் மணவறைச் சுவர் ஒன்றையும் தீட்டினார். 1991இல் காலமானார். அந்தச் சுவர் ஓவியம் இப்போது இல்லை. 2015இல் கட்டடத்தைப் புதுப்பித்தபோது அழிந்துபோனது. மருத்துவமனைப் படங்கள் அவர் பேரைச் சொல்கின்றன.

பிரான்சு நாட்டில் மத்தீஸ் என்று ஒரு ஓவியர். 1941இல் வயிற்றில் புற்றுநோய்க்கு அறுவை செய்தார்கள். அதன் பின் நின்று வரைய முடியவில்லை. படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி, வண்ணம் பூசிய தாளைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டினார். அதுவே புதுக் கலை ஆயிற்று. மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார்.

படம் வரைந்ததால்தான் அவர் வாழ்ந்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. படம் வரைந்தால் கட்டி கரையாது. கதிரும் ஊசியும் அறுவையும்தான் சிகிச்சை. 'படம் வரை, பாட்டுக் கேள், மருந்து வேண்டாம்' என்று யாராவது சொன்னால் அவர்களை நம்ப வேண்டாம். வரைவதால் கிடைப்பது வேறு. கைக்கு வேலை கிடைக்கிறது. கொஞ்ச நேரம் பயம் விலகி நிற்கிறது. வாயில் வராதது சில சமயம் தாளில் வருகிறது.

உங்கள் ஊர் மருத்துவமனையிலும் இப்படிச் செய்யலாம். செலவு அதிகம் இல்லை. ஆனால் கவனம் வேண்டும். கீமோ ஊசி போட்ட பிறகு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். அப்போது சின்னக் கிருமியும் பெரிய ஆபத்து. அதனால் எல்லாரும் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பேனாக்களைத் துடைத்து வைக்க வேண்டும். களிமண் வேண்டாம். கோலப் பொடியும் வேண்டாம், தூசி பறக்கும். வாடை அடிக்கும் பெயிண்டைத் திறந்தால் பலருக்கு வாந்தி வரும். சில மருந்துகளால் விரல் மரத்துப் போகும். மெல்லிய பென்சில் பிடிபடாது. தடித்த குச்சி கொடுங்கள். ஊசி ஏறும் கைக்கு வேலை கொடுக்காதீர்கள். சளி, காய்ச்சல் உள்ள தொண்டர் அன்று வரக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், டோக்கன். வரையும் மும்முரத்தில் எண்ணைக் கோட்டைவிட்டால் அன்றைய நாள் வீண். காது கொடுத்துக் கேட்க ஒரு தொண்டரைத் தனியாக நிறுத்துங்கள்.

பரிசு, போட்டி வேண்டாம். வரைய விருப்பம் இல்லாதவரை வற்புறுத்த வேண்டாம். சிலர் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார்கள். இருக்கட்டும்.

இருபத்தைந்தாவது நாள். அக்கா கடைசிக் கோலத்தைப் போட்டார். பதினைந்து புள்ளி. அதன் கீழே தன் பெயரை எழுத ஆசைப்பட்டார். தொண்டர் பெண் வேறு தாளில் எழுதிக் காட்டினார். அக்கா அதைப் பார்த்து, கோலக் கோடு இழுப்பது போலவே எழுத்தை இழுத்தார். மூன்று எழுத்து. நடு எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

"டோக்கன் தொண்ணூற்று நாலு!"

அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

கூடிப் பேசுவோம்

அக்கா சிகிச்சையை நிறுத்த நினைத்தது ஏன்? உங்கள் தெருவில் புற்றுநோயைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? அதில் எது உண்மை, எது பொய்? தொண்டர் பெண் தானே பதில் சொல்லாமல் ஊழியரைக் கூட்டி வந்தது ஏன்?

எழுதிப் பழகுவோம்

கதிர், சிகிச்சை, டோக்கன், வெள்ளை அணு, தொண்டர். இந்தச் சொற்களை எழுதுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த ஒரு கோலத்தைத் தாளில் போட்டு, அதன் கீழே உங்கள் பெயரை எழுதுங்கள்.