ஒற்றைத் தலைவலி, தலைசுற்றல், சீட்டில் ஒரு புதுப் பெயர்: முதல்முறை நோயாளிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தலைவலிக்குப் பெயர் வைப்பதில் நம் வீடுகளில் பஞ்சமே கிடையாது. பாட்டி பித்தம் என்பார். பக்கத்து வீட்டுக்காரர் சைனஸ் என்பார். கண்ணாடி பவர் மாறியிருக்கும், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, பட்டினி கிடந்தால் வராதா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். தைலமும் மாத்திரையுமாக வருடங்கள் ஓடிவிடும். பிறகு ஒருநாள் தலைவலியோடு தலைசுற்றலும் சேர்ந்துகொள்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, அங்கிருந்து நரம்பியல் மருத்துவரிடம் போனால், அவர் சீட்டில் ‘வெஸ்டிபுலர் மைக்ரேன்’ என்று எழுதித் தருகிறார். மூளை சம்பந்தப்பட்ட பெயர் என்றதும் வீட்டில் எல்லோர் முகமும் மாறிவிடுகிறது.

அந்தச் சீட்டோடு நிற்பவருக்காகத்தான் இந்த வழிகாட்டி. அடிப்படையான ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். மைக்ரேனை, அதாவது ஒற்றைத் தலைவலியை, உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையும் இல்லை, ஸ்கேனும் இல்லை. நோயாளி சொல்லும் விவரத்தை வைத்தே மருத்துவர் முடிவுக்கு வருகிறார். அதனால் சரியாகக் கவனித்து, சரியாக எழுதி, சரியாகச் சொல்வது சிகிச்சையில் பாதி.

படி 1: முதலில் ஆபத்தை விலக்குங்கள்

பெரும்பாலான தலைவலிகள் உயிருக்கு ஆபத்தில்லாதவை. ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

• ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும், வாழ்நாளில் கண்டிராத தலைவலி
• முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் தளர்தல், பேச்சு குழறுதல்
• திடீர்த் தலைசுற்றலோடு பார்வை இரண்டாகத் தெரிதல், பிடிமானம் இல்லாமல் நிற்கவே முடியாமை
• காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலைவலி
• தலையில் அடிபட்ட பிறகு வரும் தலைவலி, வலிப்பு, நினைவு தடுமாறுதல்

இவற்றுக்குத் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 எண்ணை அழையுங்கள். பக்கவாதமாக இருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு போங்கள்.

50 வயதுக்குப் பிறகு முதன்முதலாக வரும் தலைவலி, கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ புதிதாக வருவது, இருமினாலோ குனிந்தாலோ கூடுவது, பழகிய தலைவலியின் குணமே மாறிப்போவது ஆகியவற்றையும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 2: இது மைக்ரேன்தானா என்று பாருங்கள்

சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018இல் வெளியிட்ட வகைப்பாட்டை உலகம் முழுக்க மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். அதன்படி, சாதாரண மைக்ரேன் என்று சொல்லக் குறைந்தது 5 முறையாவது தலைவலி வந்திருக்க வேண்டும். மருந்து போடாவிட்டால் அது 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். ஒரு பக்கமாக வலிப்பது, துடிப்பது, வேலையைக் கெடுக்கும் அளவு வலிப்பது, நடந்தாலோ மாடிப்படி ஏறினாலோ கூடுவது ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்கும். கூடவே குமட்டலோ வாந்தியோ இருக்கும். அல்லது வெளிச்சம், சத்தம் இரண்டுமே தாங்காது.

‘ஒற்றை’த் தலைவலி என்றாலும் சிலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும். ‘சைனஸ்’ என்று வருடக்கணக்கில் ஆவி பிடிப்பவர்களில் பலருக்கு இருப்பது மைக்ரேன்தான். மைக்ரேன் வரும்போதும் மூக்கடைப்பும் கண்ணில் நீரும் வரலாம் என்பதால் இந்தக் குழப்பம்.

சிலருக்கு வலிக்கு முன்பு கண்முன் வளைந்து நெளிந்த ஒளிக்கோடுகள் மினுங்கும், பார்வையில் ஒரு பகுதி மறையும், விரலில் தொடங்கி முகம் வரை மரத்துக்கொண்டே போகும். இதற்கு ‘ஆரா’ என்று பெயர். ஆரா மெல்லமெல்லப் பரவி, பெரும்பாலும் 5 முதல் 60 நிமிடத்துக்குள் அடங்கும். பக்கவாதம் சட்டென்று தாக்கும். முதல்முறை வரும்போது இரண்டையும் பிரித்தறிவது உங்கள் வேலை இல்லை. உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

படி 3: புதுப் பெயரைப் புரிந்துகொள்ளுங்கள்

உள்காதிலும் அதோடு இணைந்த மூளைப் பகுதிகளிலும் உடலின் சமநிலையைக் காக்கும் அமைப்பு இருக்கிறது. அதுதான் வெஸ்டிபுலர் அமைப்பு. மைக்ரேன் அந்தப் பாதையைக் கலக்கும்போது வலிக்குப் பதிலாகவோ வலியோடு சேர்ந்தோ தலை சுற்றுகிறது. உள்காது ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரானியின் பெயரில் இயங்கும் பாரானி சங்கமும் சர்வதேசத் தலைவலிச் சங்கமும் சேர்ந்து 2012இல்தான் இதற்கான இலக்கணத்தை வகுத்தன. நோய் புதிதல்ல, இலக்கணம்தான் புதிது. அதனால் பக்கத்துத் தெரு மருத்துவருக்கே இது பழக்கமில்லாமல் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அந்த இலக்கணம் இதுதான்: மைக்ரேன் இப்போது இருக்க வேண்டும் அல்லது முன்பு இருந்திருக்க வேண்டும். 5 நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும் சுற்றலோ ஆட்டமோ குறைந்தது 5 முறை வந்திருக்க வேண்டும். அவற்றில் பாதித் தடவையாவது மைக்ரேன் வகைத் தலைவலியோ, வெளிச்சமும் சத்தமும் தாங்காமையோ, கண்முன் ஒளிக்கோடுகளோ கூட வந்திருக்க வேண்டும். வேறு நோய் எதுவும் இதற்குப் பொருத்தமான காரணமாக இருக்கக் கூடாது.

ஒவ்வொரு தடவையும் தலைவலி இருந்தாக வேண்டும் என்பதில்லை. இளம்வயதில் தலைவலி வந்து நின்றுபோய், மாதவிடாய் நிற்கும் பருவத்தில் தலைசுற்றலாகத் திரும்புவதும் உண்டு.

இதோடு குழம்பும் இரண்டு நோய்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் புரளும்போது சில விநாடிகள் அறையே சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், உள்காதில் உள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கலாம். மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிப் படுக்கவைத்தே அதைச் சரிசெய்துவிடுவார். சுற்றலோடு காது அடைப்பு, இரைச்சல், கேட்கும் திறன் குறைதல் இருந்தால் மெனியர் நோயா என்று பார்ப்பார்கள். அதனால்தான் காது மூக்கு தொண்டை மருத்துவரும் இந்தக் கதையில் வருகிறார். அலைக்கழிக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

படி 4: ஒரு நோட்டு போடுங்கள்

செயலி வேண்டியதில்லை. சமையலறைக் காலண்டரும் பேனாவும் போதும். இப்படி எழுதலாம்:

‘செவ்வாய். காலையிலிருந்து கொட்டாவி, கழுத்து இறுக்கம். 11 மணிக்கு இடது நெற்றிப்பொட்டில் துடிப்பு. மாடி ஏறினால் கூடுகிறது. 11.20க்கு மாத்திரை 1. ஒரு மணிக்குக் குறைந்தது. நேற்று தூக்கம் 4 மணி நேரம். சுற்றல் இல்லை.’

‘வெள்ளி. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. 40 நிமிடம். தலைவலி இல்லை. ஹாரன் சத்தம் தாங்கவில்லை. காது நன்றாகக் கேட்கிறது. மாத்திரை போடவில்லை.’

மருத்துவருக்கு இந்தச் சில வரிகளில் எவ்வளவோ இருக்கிறது. கொட்டாவியும் கழுத்து இறுக்கமும் மைக்ரேனின் முன்னோட்டம். வலி வருவதற்குப் பல மணி நேரம் முன்பே, சிலருக்கு முதல் நாளே தொடங்கிவிடும். இனிப்பின் மேல் திடீர் ஆசையும் அப்படித்தான். ‘சாக்லேட் சாப்பிட்டேன், தலைவலி வந்தது’ என்று நாம் கணக்குப் போடுவோம். மைக்ரேன் ஏற்கெனவே தொடங்கியதால்தான் சாக்லேட் கேட்டிருக்கவும் கூடும். இரண்டு மூன்று மாதக் குறிப்பு இருந்தால்தான் எது காரணம், எது அறிகுறி என்பது பிடிபடும்.

படி 5: மருத்துவரிடம் ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஓபியானாலும் தனியார் கிளினிக்கானாலும் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். “தலை கிறுகிறுன்னு வருது டாக்டர்” என்று மட்டும் சொன்னால் அதை வைத்து அவர் எதுவும் செய்ய முடியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“டாக்டர், காலேஜ் படிக்கும்போதிலிருந்து மாசம் நாலஞ்சு தடவை இடது பக்கம் தலைவலி, வாந்தி. இப்போ மூணு மாசமா ரூமே சுத்துற மாதிரி வருது. அரைமணி நேரம் இருக்கும். அப்போ லைட்டு, சத்தம் ரெண்டும் ஆகாது. பாதித் தடவை தலைவலியே இல்ல. காது நல்லா கேக்குது. வலி மாத்திரை மாசத்துல பன்னெண்டு நாள் போடுறேன்.”

துணைக்கு வருபவரிடம் வாசலிலேயே பேசிக்கொள்ளுங்கள். “அம்மா, முதல்ல நான் சொல்லிடுறேன். விட்டுப்போனதை நீ சொல்லு.” இல்லாவிட்டால், நேரத்துக்குச் சாப்பிடாதது பற்றிய புகாரிலேயே பாதி நேரம் போய்விடும்.

கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதிக்கொண்டு போங்கள். இந்த முடிவுக்கு எதனால் வந்தீர்கள்? வேறு எந்த நோயையெல்லாம் விலக்கினீர்கள்? இந்த மாத்திரை வந்த வலியை நிறுத்தவா, வராமல் தடுக்கவா? எத்தனை வாரம் பார்க்க வேண்டும்? எது நடந்தால் உடனே வர வேண்டும்?

படி 6: ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தனியாகப் படிக்காதீர்கள்

மைக்ரேன்காரர்களுக்கு எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் நார்மல் என்றே வரும். ஸ்கேன் எடுப்பது கட்டி, ரத்தக்கசிவு போன்றவற்றை விலக்கத்தான். நார்மல் என்று வந்தால் ‘எல்லாம் மனசுதான்’ என்று பொருள் கிடையாது. உறவினர்கள் அப்படிச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

சிலருடைய ரிப்போர்ட்டில் ‘ஒயிட் மேட்டர் ஹைப்பர்இன்டென்சிட்டி’ என்று ஒரு வரி இருக்கும். மூளையில் சிறு வெண்புள்ளிகள் தெரிகின்றன என்பதே அதன் அர்த்தம். மைக்ரேன் உள்ளவர்களிடம் இவை சாதாரணமாகக் காணப்படுபவை. சர்க்கரை, ரத்த அழுத்தம், வயது ஆகியவற்றாலும் வரும். அந்த வரியை நள்ளிரவில் கூகுளில் போட்டுத் தேடினால் தூக்கம்தான் போகும். தூக்கம் கெட்டால் மறுநாள் தலைவலி. ரிப்போர்ட்டை, ஸ்கேன் எடுக்கச் சொன்ன மருத்துவரிடமே கொண்டுபோங்கள்.

படி 7: இரண்டு வகை மருந்துகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

முதல் வகை, வந்த வலியை நிறுத்துவது. பாராசிட்டமால், நாப்ராக்சன், சுமட்ரிப்டான் போன்றவை இதில் அடங்கும். வலி முற்றிய பிறகு போடுவதைவிட ஆரம்பத்திலேயே போட்டால் நன்றாக வேலை செய்யும். இதயநோய், பக்கவாதம், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு சுமட்ரிப்டான் போன்ற ட்ரிப்டான் வகை மருந்துகள் ஆகாது.

இந்த வகையில்தான் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, ட்ரிப்டான், எர்காட், கலவை மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். மெடிக்கல் ஷாப்பில் ‘ஒரு தலைவலி மாத்திரை’ என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கலவையாக இருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். நோட்டில் மாத்திரை போட்ட நாளை வட்டமிட்டு வைத்தால் இந்தக் கணக்கு தானாகவே தெரியும்.

இரண்டாம் வகை, வராமல் தடுப்பது. ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட், ஃப்ளுனாரிசின் ஆகியவை பரவலாகத் தரப்படுபவை. வலி இல்லாத நாளிலும் தினமும் போட வேண்டும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். நான்கு நாளில் கேட்கவில்லை என்று நிறுத்துவதால்தான் பல நல்ல மருந்துகளுக்குக் கெட்ட பெயர்.

ஆஸ்துமா இருந்தால் ப்ரோப்ரனலால் தரும் முன்பே சொல்லிவிடுங்கள். கர்ப்பத் திட்டம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். டோபிரமேட்டும், இதே தடுப்பு வகையில் வரும் வால்ப்ரோயேட்டும் கருவைப் பாதிக்கக்கூடியவை. ஆரா உள்ள பெண்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை போடுகிறார்கள் என்றால் அதையும் மறைக்கக் கூடாது. பக்கவாத அபாயம் கூடும்.

தலைசுற்றலுக்கு என்று வாங்கும் மாத்திரையிலும் கவனம் தேவை. ப்ரோகுளோர்பெரசின், சின்னாரிசின் போன்றவை அவசரத்துக்கு உதவும். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டால், முக்கியமாக வயதானவர்களுக்கு, கை நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் வரலாம். ஃப்ளுனாரிசினுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எரெனுமாப் போன்ற ஊசிகள், மைக்ரேன் வலியில் பங்குள்ள சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்தின் வேலையைத் தடுப்பவை. விலை அதிகம். மற்ற மருந்துகள் பலன் தராதவர்களுக்கு இதுவும் ஒரு வழி.

படி 8: அன்றாடத்தை ஒழுங்கு செய்யுங்கள்

மைக்ரேன் மூளைக்கு மாற்றம் பிடிக்காது. தூக்கம் குறைந்தாலும் வரும், ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கினாலும் வரும். நேரத்துக்குச் சாப்பிடுவதும் தூங்குவதும் எந்தப் பத்தியத்தையும்விடப் பலன் தரும். விரதம் இருந்தே ஆக வேண்டும் என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காபியைத் திடீரென்று நிறுத்தாமல் மெதுவாகக் குறையுங்கள்.

தலைக்குக் குளித்தால் வரும் தலைவலியைப் பற்றி இந்திய மருத்துவர்கள் ஆய்விதழ்களிலேயே எழுதியிருக்கிறார்கள். அது உங்கள் கற்பனை இல்லை. ஊதுபத்தி, சாம்பிராணி, பெயிண்ட், சென்ட் வாசனை சிலருக்கு ஆகாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விலக்கினால் வாழ்க்கையே சிறையாகிவிடும். நோட்டில் திரும்பத்திரும்ப வரும் ஒன்றிரண்டை மட்டும் விலக்குங்கள்.

சுற்றல் வரும் நாளில் இரு சக்கர வாகனம், ஏணி, கிணற்றடி வேண்டாம். இரவில் பாத்ரூம் விளக்கு எரியட்டும்.

படி 9: எப்போது திரும்பப் போவது, எது வெற்றி

தடுப்பு மருந்து தொடங்கியபின் மருத்துவர் சொன்ன நாளில் நோட்டோடு போங்கள். பக்கவிளைவு தாங்கவில்லை என்றால் அதற்கு முன்பே போகலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள். புதிய அறிகுறி வந்தால் எடுத்த முடிவையே மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. பழைய பெயருக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட முடியாது.

மைக்ரேனை அடியோடு ஒழிக்கும் மருந்து இதுவரை இல்லை. மாதத்தில் தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தால் தடுப்பு மருந்து வேலை செய்கிறது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டு நாள் ஆறு நாளாகியிருக்கும். ஆனாலும் வலித்த அந்த ஆறு நாள்தான் மனதில் நிற்கும். ‘ஒண்ணும் கேக்கலை டாக்டர்’ என்றுதான் வாயில் வரும். அதைச் சொல்லும் முன் போன மாதப் பக்கத்தையும் இந்த மாதப் பக்கத்தையும் அருகருகே வைத்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.