சான்றிதழ் தேதியா, தனுத் திருவாதிரையா?

கேள்வி: எங்கள் ஊர் செண்டை ஆசான் ஒருவரைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுகிறேன். பள்ளிச் சான்றிதழில் அவர் பிறந்த தேதி 20.5.1946. வீட்டில் கேட்டால் கொல்லம் 1122, தனு மாதம், திருவாதிரை என்கிறார்கள். எதைப் போடுவது? வயதை எப்படி எழுதுவது?
– வாசகர், ஆலுவா

பதில்: வயதை நீங்கள் எழுதவே வேண்டாம். இன்று எழுதும் வயது அடுத்த பிறந்தநாளிலேயே தப்பாகிவிடும். திருத்த ஆள் வருவார் என்பது நிச்சயமில்லை. விக்கிப்பீடியாவின் வயது வார்ப்புருவில் பிறந்த தேதியைக் கொடுத்தால் வயதை அது கணக்கிட்டுக்கொள்ளும். ஆண்டு மட்டும் தெரிந்தாலும் பரவாயில்லை, அதற்கும் ஒரு வார்ப்புரு இருக்கிறது. அது அடுத்தடுத்த இரண்டு வயதுகளைக் காட்டும்.

இனி தேதி. மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு சிங்ஙத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில், பிறக்கிறது. டிசம்பர் வரை 824 கூட்டவேண்டும், ஜனவரி முதல் 825. தனு இரண்டிலும் கால் வைக்கும் மாதம் என்பதால் 1122 தனு என்றால் 1946ஆகவும் இருக்கலாம், 1947ஆகவும் இருக்கலாம். நட்சத்திரம் கைகொடுக்கிறது: தனுத் திருவாதிரை முழுநிலவை ஒட்டி வரும், அந்த ஆண்டு அது ஜனவரி முதல் வாரம். சான்றிதழைவிட ஆசான் ஏழெட்டு மாதம் இளையவர். பள்ளியில் சேர்க்க வயது போதாத பிள்ளைக்கு மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவது அன்றைய வழக்கம்தானே! அன்றைய ராணுவத் தளபதி வி. கே. சிங் 1950இல் பிறந்தவரா 1951இல் பிறந்தவரா என்ற வழக்கு 2012இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே நிலைமை நேர்மாறு: பள்ளிச் சான்றிதழ்தான் அவரை இளையவர் என்றது.

வீட்டார் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனாலும் கட்டுரையில் அதைப் போட முடியாது. வெளியிடப்பட்ட ஆதாரம் வேண்டும். ஆசான் உயிரோடு இருப்பவர் என்பதால், அவர் தாமே பலரறியச் சொல்லியிருந்தாலொழிய நாளும் மாதமும் வேண்டாம், ஆண்டு போதும். முழுத் தேதி கிடைத்தால் வங்கிக் கணக்கு வரை துழாவுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆதாரங்கள் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். உங்கள் ஆலுவாவில் அத்வைத ஆசிரமம் நிறுவிய ஸ்ரீ நாராயண குரு சிங்ஙத்துச் சதயத்தில் பிறந்தவர். ஆண்டு 1855 என்றும் 1856 என்றும் நூல்கள் வேறுபடுகின்றன. ஜெயந்தி நட்சத்திரத்தில் நடப்பதால் பக்தர்களுக்குச் சிக்கலில்லை; கட்டுரை எழுதுகிறவர்களுக்குத்தான் தலைவலி.

பழைய மலையாள இதழ்களில் ஆசானின் பேட்டி ஏதும் வந்திருக்கிறதா, தேடிப் பாருங்கள். ஆதாரம் என்று சான்றிதழின் நகலை மட்டும் பதிவேற்றிவிடாதீர்கள். தகப்பனார் பெயர் முதல் வீட்டுப் பெயர் வரை எல்லாம் அதில் இருக்கும்.