ஓட்டுக்குக் கொடுக்கும் நோட்டு மட்டுமா அரசியல் பணம்?

நம்பிக்கை: அரசியலில் பணம் என்றால் ஓட்டுக்குக் கொடுக்கும் பணம்தான்.

உண்மை: திண்டுக்கல் டீக்கடைகளில் தேர்தல் பேச்சு எடுத்தாலே ‘தலைக்கு எவ்வளவு’ என்பதில்தான் போய் முடிகிறது. அந்தக் கோபம் நியாயமானதே. வேடசந்தூருக்குப் பக்கத்துத் தொகுதியான அரவக்குறிச்சியில் 2016 மே மாதம் நடக்கவேண்டிய தேர்தல், பணப் பட்டுவாடா காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டு நவம்பரில்தான் நடந்தது. ஆனால் கைநீட்டி வாங்கும் ஏழை மீதே பழி முழுவதையும் போடுகிறோம். பெரிய தொகை சட்டம் திறந்துவிட்ட வழியிலேயே போனது. 2018 ஜனவரியில் வந்த தேர்தல் பத்திரத் திட்டப்படி, ஸ்டேட் பாங்கில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுத்துவிடலாம். கொடுத்தவர் யாரென்று வாக்காளருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகே பெயர்கள் வெளியே வந்தன. அதிகப் பத்திரம் வாங்கியது கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனமான ஃப்யூச்சர் கேமிங். 1,368 கோடி ரூபாய்! அதில் 509 கோடி தி.மு.க.வுக்குப் போனது. 2003 முதல் லாட்டரிக்குத் தடை உள்ள மாநிலம் நம்முடையது. நாடு முழுவதும் பார்த்தால், வேறு எந்தக் கட்சியையும்விடப் பல மடங்கு பெற்றது பா.ஜ.க.

நம்பிக்கை: நவதாராளமயம் என்றால் அரசு ஒதுங்கிக்கொள்வது.

உண்மை: அரசு ஒதுங்கவே இல்லை. விதிகளை எழுதுவதும் மாற்றுவதும் அதுதான். யாருக்காக மாற்றுகிறது என்பதே கேள்வி. மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் ஒரு கம்பெனி கட்சிகளுக்கு நன்கொடை தரக்கூடாது என்று வரம்பு இருந்தது. 2017 நிதிச் சட்டம் அதை எடுத்துவிட்டது. நட்டத்தில் ஓடும் கம்பெனிகூட எவ்வளவும் கொடுக்கலாம் என்றானது. இதையும் அதே 2024 தீர்ப்புதான் செல்லாது என்றது. 2019-ல் கம்பெனி வருமான வரி விகிதம் 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டதும் அரசின் முடிவே. நம்மூர்ப் பூட்டுப் பட்டறைக்காரர் தன் குறையைச் சொல்லப் பத்திரம் வாங்கியிருக்க முடியுமா?

நம்பிக்கை: தாராளமயம் வந்த 1991-க்கு முன் கம்பெனிப் பணம் அரசியலில் இல்லை.

உண்மை: இருந்தது. 1969-ல் தடை செய்தார்கள், 1985-ல் மறுபடி அனுமதித்தார்கள்.

நம்பிக்கை: பத்திரம் வாங்காத கட்சியைப் பணம் தொடாது.

உண்மை: 2024-ல் திண்டுக்கல்லில் வென்ற ஆர். சச்சிதானந்தத்தின் மார்க்சிஸ்ட் கட்சி, பத்திரமே வேண்டாம் என்றதோடு அதை எதிர்த்து வழக்கும் போட்டது. மதிக்கவேண்டிய செயல். ஆனால் 2019 தேர்தலில் அக்கட்சிக்கு 10 கோடி, இந்திய கம்யூனிஸ்ட்டுக்கு 15 கோடி கொடுத்ததாகக் கூட்டணித் தலைமையான தி.மு.க.வே கணக்குக் காட்டியிருக்கிறது. நம் மாநிலத்தில் மக்களவை வேட்பாளரின் செலவுக்கு 95 லட்சம் என்று உச்சவரம்பு உண்டு. கட்சியின் செலவுக்கு வரம்பே இல்லை. அந்த ஓட்டை இருக்கும்வரை, பணமில்லாத கட்சி கூட்டணித் தலைமையின் பணப்பெட்டியைத்தான் பார்த்து நிற்கும்.

20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை தந்தவர்களின் பட்டியலைக் கட்சிகள் ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்திடம் தருகின்றன. அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம், உங்கள் கட்சிக்கு யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.