குப்பை மெயிலுக்கு மேக்ரோ எழுதப்போகும் பிள்ளைகளுக்கு

அவுட்லுக்கில் மேக்ரோ எழுதப் பழகுகிறவர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் குப்பை மெயிலில்தான். ஆசைப்படுவதில் தப்பில்லை. காலையில் வந்ததும் அரைமணி நேரம் வேண்டாததைத் தள்ளிக்கொண்டிருக்க யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் எத்தனை குப்பையை அள்ளியது என்று பார்த்து உங்கள் மேக்ரோவை மெச்சிக்கொள்ளாதீர்கள். வேண்டிய மெயில் ஒன்றையும் தொலைக்காமல் இருந்ததா என்று பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

1. முதலில் ஐ.டி. பிரிவில் கேட்டு அனுமதி வாங்குங்கள். மேக்ரோ என்றதும் அவர்கள் முகம் மாறுவதற்குக் காரணம் உண்டு. 1999 மார்ச்சில் பரவிய மெலிசா வைரஸ் ஒரு வேர்டு கோப்புக்குள் இருந்த மேக்ரோதான். கோப்பைத் திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னையே அது அனுப்பிக்கொண்டது. ஆகவே உங்கள் மேக்ரோ ஓடவில்லை என்பதற்காக, பாதுகாப்பு அமைப்பில் போய் ‘எல்லா மேக்ரோக்களையும் அனுமதி’ என்று மாற்றிவிடாதீர்கள். ஆபீஸ் தொகுப்போடு வரும் செல்ஃப்செர்ட் என்ற சிறு நிரலால் ஒரு சான்றிதழ் உருவாக்கி, உங்கள் மேக்ரோவில் கையொப்பமிட்டு, அதை மட்டும் அனுமதியுங்கள்.

2. மேக்ரோ தேவைதானா என்று யோசியுங்கள். ஒரே முகவரியிலிருந்து திரும்பத் திரும்ப வரும் விளம்பரத்துக்கு ரூல் போதும். சர்வரில் உட்காரும் ரூல் உங்கள் கணினி அணைந்திருந்தாலும் வேலை செய்யும். மேக்ரோவோ அவுட்லுக் திறந்திருக்கும்போது மட்டும்தான் ஓடும்.

ரூலுக்கு எட்டாத இடம் எது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். அனுப்பியவர் பெயர் என்று உங்கள் நிர்வாக இயக்குநரின் பெயர் தெரியும். முகவரியைப் பார்த்தால் ஏதோ ஒரு இலவச மெயில் கணக்கு. “மீட்டிங்கில் இருக்கிறேன், போன் எடுக்க முடியாது, அவசரமாகக் கிஃப்ட் கார்டு வாங்க வேண்டும்” என்று இரண்டே வரி. கெட்ட வார்த்தையும் இல்லை, இணைப்பும் இல்லை. வடிகட்டியைத் தாண்டி வந்துவிடும். நம் மேலதிகாரிகளின் பெயர்ப் பட்டியலோடு பெயரை ஒப்பிட்டு, பெயர் பொருந்தியும் முகவரி வெளியாருடையது என்றால் சிவப்பு அடையாளம் போட ஒரு சிறு மேக்ரோ போதும். நான் புதியவர்களுக்கு முதலில் எழுதச் சொல்வது இதைத்தான். இதில் ஒரு நுணுக்கம்: எக்ஸ்சேஞ்ச் சர்வர் உள்ள அலுவலகத்தில், உள்ளே இருப்பவர் அனுப்பிய மெயிலின் முகவரியை மேக்ரோ கேட்டால் @ குறியே இல்லாத நீண்ட சரம் ஒன்று வரும். முகவரி எந்த வகை என்று முதலில் பார்க்காவிட்டால் உண்மையான இயக்குநரின் மெயிலே சிவப்பாகும்.

3. அழிக்க விடாதீர்கள். முதல் சில வாரம் நிற அடையாளம் மட்டும் போடட்டும். பிறகு தனி ஃபோல்டர் ஒன்றுக்கு நகர்த்தட்டும். அங்கிருந்து அழிப்பது உங்கள் கையால் நடக்கட்டும்.

4. பட்டியலைக் கடைசியிலிருந்து முன்னோக்கி வாருங்கள். ஃபோல்டரில் 10 மெயில் இருக்கிறது என்று வையுங்கள். முதலாவதை நகர்த்தியதும் இரண்டாவது மெயில் முதலிடத்துக்கு ஏறிவிடும். உங்கள் சுற்று அடுத்து இரண்டாம் இடத்துக்குப் போகும்; அங்கே இருப்பது பழைய மூன்றாவது. இப்படி ஒன்றுவிட்டு ஒன்றாகத் தப்பி 5 மெயில் அப்படியே நிற்கும். 10-இல் தொடங்கி 1 வரை இறங்கினால் இந்தத் தொல்லை இல்லை. ‘ஒவ்வொன்றாக’ என்று ஓடும் ஃபார் ஈச் சுற்று பார்க்க அழகாக இருக்கும். நகர்த்தும் வேலைக்கு அதைத் தொடாதீர்கள்.

5. ஃபோல்டரில் இருப்பதெல்லாம் மெயில் அல்ல. மீட்டிங் அழைப்பும் இருக்கும், நீங்கள் அனுப்பியது போய்ச் சேரவில்லை என்ற அறிக்கையும் இருக்கும். மெயில் என்று மட்டும் அறிவித்து ஓட்டினால் 13-ஆம் எண் பிழையோடு பாதியில் நிற்கும். வகையைச் சோதித்து, மெயில் இல்லாததை அப்படியே விட்டுவிடுங்கள். போய்ச் சேரவில்லை என்ற அறிக்கை குப்பையோடு போனால், வாடிக்கையாளர் பதில் போடவில்லை என்று நீங்கள் வீணாகக் காத்திருப்பீர்கள்.

6. சொற்பட்டியலை நம்பாதீர்கள். ‘ஆஃபர்’ என்று பிடித்தால் வேலை நியமனக் கடிதமும் மாட்டும்; ‘இன்வாய்ஸ்’ என்று பிடித்தால் கணக்குப் பிரிவே ஸ்தம்பிக்கும். 2002-இல் நிரலாளர் பால் கிரஹாம் குப்பை மெயில் பற்றி எழுதிய கட்டுரையில் வலியுறுத்தியது, நல்ல மெயிலில் வரும் சொற்களையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்பது. மேக்ரோவில் அவ்வளவு கணக்குப் போட வேண்டாம். நீங்கள் முன்பு மெயில் அனுப்பியவர்களை முதலில் விலக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் சோதியுங்கள். அதே சமயம் சர்வர் ஜங்க் என்று ஒதுக்கியதை, தெரிந்த முகவரி என்பதற்காக இன்பாக்ஸுக்கு மேக்ரோவே தூக்கிவர விடாதீர்கள். அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போட முடியும். அதைச் சோதிக்கும் எஸ்.பி.எஃப்., டி.கிம் முடிவுகளைப் பார்த்து சர்வர் ஒதுக்கியிருக்கலாம்.

7. குப்பைக்குப் பதில் அனுப்பவும், அதிலுள்ள இணைப்பைத் திறக்கவும் மேக்ரோவுக்குச் சொல்லிக்கொடுக்கவே கூடாது. உங்கள் முகவரி உயிரோடு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். முகவரி போலியாக இருந்தால் பதில் போவது சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு.

8. மெயில் வந்ததும் தானாக ஓடும் ஏற்பாட்டையே முழுக்க நம்பியிருக்க வேண்டாம். ஒரே நேரத்தில் நிறைய மெயில் இறங்கினால் ஃபோல்டரின் ஐட்டம்ஆட் நிகழ்வு எழாமலே போகலாம். விடுப்பு முடிந்து வரும் திங்கட்கிழமை அப்படித்தான் இருக்கும். மேலே ஒரு பட்டன் வைத்து, தேவைப்படும்போது நீங்களே அழுத்துங்கள்.

9. ஒவ்வொரு விதிக்கும் மேலே, எதற்காக அதை வைத்தீர்கள் என்று உங்கள் மொழியில் ஒரு வரி எழுதுங்கள். மாதம் ஒருமுறை நிரலைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து வையுங்கள். அது உங்கள் கணினியில்தான் கிடக்கிறது, கணினி மாறினால் கூடவே வராது. விண்டோஸுக்கான புதிய அவுட்லுக்கில் வி.பி.ஏ. மேக்ரோ ஓடாது. அலுவலகம் அதற்கு மாறும் நாளில் பாதியை ரூலாகவும், மீதியைப் பவர் ஆட்டோமேட்டிலும் மறுபடி கட்ட வேண்டியிருக்கும். அதைச் செய்யப்போவது வேறொருவராக இருந்தாலும், நீங்கள் எழுதிவைத்த அந்த ஒற்றை வரிகளை வைத்துக்கொண்டு அவர் வேலையைத் தொடங்கிவிடலாம்.