தொலைவிலிருந்து சிடி எழுத முடியவில்லையா?

சிடி ரைட்டர் உள்ள லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒரு அறையில். நீங்கள் இன்னொரு அறையில். எஸ்.எஸ்.ஹெச். மூலம் அதனுள் நுழைந்து சிடி எழுத முயன்றால் "பெர்மிஷன் டினைட்" என்று பிழைச் செய்தி வருகிறது. அதன் முன்னால் அமர்ந்து எழுதினால் பிரச்னை இல்லை. ஏன்?

திரை முன் அமர்ந்து லாக் இன் செய்பவருக்கு, டிரைவைப் பயன்படுத்தும் உரிமையை லினக்ஸ் தானாகவே தருகிறது. நெட்வொர்க் வழியே வருபவருக்குத் தருவதில்லை. டெபியன், உபுண்டுவில் அவர் "சிடிரோம்" என்ற குரூப்பில் இருக்க வேண்டும். பின்னால் சேர்த்த யூசர்களுக்கே பெரும்பாலும் இந்தச் சிக்கல் வரும்.

சூடோ உரிமை உள்ள யூசராக நுழைந்து, டெர்மினலில் சூடோ, ஆட்யூசர், அந்த யூசரின் பெயர், சிடிரோம் ஆகிய நான்கையும் இதே வரிசையில், ஆங்கிலத்தில், இடைவெளி விட்டு டைப் செய்து என்டர் தட்டுங்கள். பிறகு அந்த யூசர் லாக் அவுட் செய்து மீண்டும் நுழைந்தால்தான் மாற்றம் செயல்படும்.

எழுத வேண்டிய ஐ.எஸ்.ஓ. பைலை முதலில் அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்துகொள்ளுங்கள். சிடி-ஆர் ஒருமுறை கெட்டால் குப்பைதான். எனவே "வோடிம்" கட்டளையில் "டம்மி" ஆப்ஷன் கொடுத்து ஒத்திகை பாருங்கள்; சிடியில் எதுவும் பதியாது. பிழை வராவிட்டால் அந்த ஆப்ஷனை நீக்கிவிட்டு எழுதுங்கள்.