பிள்ளை பிறந்தால் அப்பாவுக்கு லீவு உண்டா?

சென்னை தி. நகரின் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் துணிக்கடை, பாத்திரக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் இளைஞர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். மனைவிக்குப் பிரசவம் ஊரில் நடக்கும். பிள்ளையின் முகத்தை இவர்கள் முதலில் போனில் பார்ப்பார்கள். லீவு விஷயத்தில் இவர்களிடையே உலவும் பேச்சில் பாதி தவறு. அந்தத் தவறு அவர்களுக்கே நஷ்டம்.

“அப்பாவுக்கு 15 நாள் லீவு சட்டத்திலேயே இருக்கு.”

இருக்கிறது, மத்திய அரசு ஊழியருக்கு. மத்திய குடிமைப் பணிகள் (விடுப்பு) விதிகள், 1972-இல் 43-ஏ என்ற விதி அதைத் தருகிறது. இரண்டு குழந்தைகளுக்குக் குறைவாக உள்ளவர், பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து பிறந்த ஆறு மாதத்துக்குள் முழுச் சம்பளத்தோடு எடுக்கலாம். ஆறு மாதம் தாண்டினால் காலாவதி. தனியார் கடை ஊழியர் இந்த விதியைக் காட்டி எதுவும் கேட்க முடியாது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தித் தாய்க்கு 26 வாரம் ஆக்கினார்கள். தந்தையைப் பற்றி ஒரு வரி இல்லை. அதே ஆண்டு ராஜீவ் சதாவ் என்ற எம்.பி. கொண்டுவந்த தந்தையர் நல மசோதா சட்டமாகவில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறது.

“அப்போ தனியார் கடையில ஒண்ணுமே கிடையாது.”

இந்த நம்பிக்கைதான் அதிகம் கெடுதல் செய்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 இன்றும் உயிரோடு இருக்கிறது. 2021-இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று திருத்தினார்களே, அதே சட்டம்தான். அதன் 25-ஆம் பிரிவைப் பாருங்கள். தொடர்ந்து 12 மாதம் வேலை பார்த்தவருக்கு அடுத்த 12 மாதத்தில் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. எடுக்காத நாட்களை 24 வரை சேர்த்துக்கொள்ளலாம். இது தவிர, நியாயமான எந்தக் காரணத்துக்கும் ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு உண்டு. அதற்கு ஓராண்டு முடியவேண்டும் என்றுகூட இல்லை. மனைவியின் பிரசவத்தைவிட நியாயமான காரணம் வேறு என்ன இருக்க முடியும்? நோய்க்கான 12 நாள் தனிக்கணக்கு. அது ஊழியரின் சொந்த உடல்நலக் குறைவுக்கு மட்டும்.

நிர்வாகப் பதவியில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. துணி மடிப்பவருக்கும் பில் போடுபவருக்கும் பொருந்தும்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவரின் மனைவிக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பிரசவம் பார்க்கலாம் என்பதும் பலருக்குத் தெரியவில்லை. தி. நகருக்குக் கிட்டத்திலேயே கே.கே. நகரில் ஒன்று இருக்கிறது.

“லீவு கேட்டா வேலை போயிடும்.”

பயம் உண்மையானது. ஆனால் அதே கடைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக்கூடாது என்கிறது. நிறுத்தினால் மேல்முறையீடு செய்யலாம்.

“கம்பெனி தர்ற பெட்டர்னிட்டி லீவு வெறும் சலுகை.”

நியமன ஆணையிலோ நிறுவன விதிகளிலோ எழுதியிருந்தால் அது பணி நிபந்தனை. மேலாளரின் மனநிலையைப் பொறுத்ததல்ல.

“பிரசவத்துல ஆம்பளைக்கு என்ன வேலை?”

இதற்கு நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. தென்காசி மாவட்டக் காவல் ஆய்வாளர் ஒருவருக்கு, செயற்கைக் கருத்தரிப்பில் கர்ப்பமான மனைவியின் பிரசவத்துக்காக லீவு தந்து, சட்டம் ஒழுங்கைக் காட்டி ரத்து செய்தார்கள். பிறகு பணியிலிருந்து ஓடிப்போனவர் என்றும் ஆணை போட்டார்கள். 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி எல். விக்டோரியா கௌரி அந்த ஆணையை ரத்து செய்தார். தந்தையர் விடுப்புக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்றும் சொன்னார். வேறு நாடுகளில் அது இருக்கிறது. மலேசியாவில் 2023 முதல் தனியார் ஊழியருக்கும் 7 நாள் தந்தையர் விடுப்பு. சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் முதல் 4 வாரம். அங்கே கிடைப்பது இங்கே கிடைக்காமல் இருப்பது அநியாயம்.

சட்டம் வரும்வரை கையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். டாக்டர் சொன்ன பிரசவத் தேதிக்கு முன்பே எழுத்தில் லீவு கேளுங்கள். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தாலும் சம்பளத்தைப் பிடித்தாலும், அந்த நகலோடு தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் புகார் கொடுங்கள்.